பலவேசத்தின் சிவப்பு

பலவேசம் அண்ணாச்சியின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே, "கண்ணாடி மாத்திப் பாத்தாரா?" என்று கேட்காத ஆள் இல்லை. கண் நன்றாக இருக்கிறது. மதுரையில் பார்த்துவிட்டார்கள், விருதுநகரில் பார்த்துவிட்டார்கள். சுவரில் மாட்டிய அட்டையின் கடைசி வரிப் பொடி எழுத்தைக்கூடத் தங்குதடையில்லாமல் வாசிக்கிறார். நிறம் மட்டும் போய்விட்டது.

சிவகாசியில் நாங்கள் இருவரும் ஒரே அச்சகத்தில் வேலை பார்க்கிறோம். நான் புரூஃப் பார்க்கிறவன், பெயர் புகழேந்தி. அவர் நான்கு வண்ண ஆஃப்செட் எந்திரத்தின் மெஷின்மேனாக இருந்தார். வயது ஐம்பத்து நான்கு. மல்லாங்கிணறு பக்கம் மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். பத்தொன்பது வயதில் இங்கே வந்து தாள்கட்டுத் தூக்க ஆரம்பித்தவர், பத்து வருடத்தில் எந்திரத்தின் தலைமாட்டுக்கு வந்துவிட்டார். மனைவி பொன்னுத்தங்கம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையில் காகிதக் குழாய் சுருட்டுகிறார். ஒரே மகள் யோகேஸ்வரி, விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை.

நிறத்தில் அண்ணாச்சிக்கு இருந்த கூர்மை எங்கள் தெருவில் எல்லா அச்சகத்துக்கும் தெரியும். ஒரு தடவை விருதுநகர் வியாபாரி ஒருவர் மிளகாய்ப்பொடிப் பொட்டலத்துக்கு உறை அடிக்க வந்தார். எந்தச் சிவப்பைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினார். "பாத்த உடனே நாக்குல உறைக்கணும்யா" என்றார். அப்படி ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? அண்ணாச்சி காலையிலிருந்து மத்தியானம்வரை மஞ்சளைக் கூட்டினார், குறைத்தார், மெஜந்தா என்கிற ரோஸ் சிவப்பு மையை ஏற்றினார், கறுப்பை ஒரு பொட்டு சேர்த்தார். கடைசியில் ஒரு தாளை உருவி மேசையில் போட்டார். வியாபாரி அதைப் பார்த்துவிட்டு எச்சில் விழுங்கினார். நானே பார்த்தேன்.

"எப்படி அண்ணாச்சி பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"சரியான சிவப்பு வந்துட்டா எனக்குப் பிடரியில சுள்ளுன்னு இருக்கும் சார். அது வர்ற வரைக்கும் திருகிக்கிட்டே இருப்பேன். வேற வித்தை ஒண்ணும் கிடையாது."

இரண்டு வருடத்துக்கு முன் ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை ஷிப்டு. காலண்டர் சீசன் சூடுபிடித்திருந்தது. மீனாட்சி படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுத்த வேலையின் புரூஃபோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். வெளியே விழுந்த தாள்களில் ஒன்றை உருவி விளக்கு மேசையில் விரித்தவர், ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு கத்தினார்.

"ஏலே முனியராஜ், நிறுத்துலே மெஷினை! கறுப்பு மட்டும்தான் ஓடுது. மத்த மூணு கலரும் எங்கலே?"

முனியராஜ் அவரோடு பதினைந்து வருடமாக நிற்கிற உதவியாள். ஓடிவந்து தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தானே ஓடுது அண்ணாச்சி."

"என்னலே நல்லா ஓடுது? கண்ணு தெரியலையா உனக்கு?"

நான் எட்டிப் பார்த்தேன். மீனாட்சி பச்சையாகத்தான் இருந்தாள். பட்டு சிவப்பாகத்தான் இருந்தது. அண்ணாச்சி இன்னொரு தாளை உருவினார், அதற்குக் கீழே இருந்ததை உருவினார், நேற்று அடித்து வைத்திருந்த கட்டைப் பிரித்தார். விளக்கை அணைத்துவிட்டுத் தாளோடு வாசலுக்கு ஓடினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். அப்போது தாளைப் பிடித்திருந்த தன் கையைக் கவனித்தார். விரல் முழுக்க மெஜந்தா மை. அவர் கையில் அது இல்லாத நாளே கிடையாது.

"என் கையில என்ன சார் சேறு?" என்றார். அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

மதுரையில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். யோகேஸ்வரியோடு நானும் கூட இருந்தேன். நரம்பு டாக்டரம்மா பொறுமையானவர். ஸ்கேன் படத்தைக் கணினியில் காட்டி விளக்கினார். மூளையின் பின்புறம், அடிப்பக்கம், இரண்டு பக்கத்திலும் ரத்தக் குழாய் அடைத்துப் புளியங்கொட்டை அகலத்துக்குச் சேதம். நிறத்தை அறிகிற பகுதி அதுதான். பேச்சு, கைகால், ஞாபகம் எதற்கும் பழுதில்லை. உயிருக்கு ஆபத்தில்லை.

அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிவப்பு இங்கனதான் இருந்துச்சா டாக்டரம்மா?"

"அப்படிச் சொல்லலாம்."

"இந்த இடத்தை வெட்டி எடுத்துப் பாத்தா உள்ள சிவப்பா இருந்திருக்குமா?"

டாக்டரம்மா சிரித்தார். "இருந்திருக்காது. மூளையை எங்க வெட்டினாலும் சாம்பலும் வெள்ளையும்தான்."

"அப்ப இங்கன இல்லாத ஒண்ணு, இங்கன அடிபட்டா எப்படிக் காணாமப் போகும்?"

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் யோகேஸ்வரி. டாக்டரம்மா அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணாச்சி வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைச் சிவகாசிவரை தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் சாப்பாடுதான் முதல் பிரச்சினை. தக்காளி ரசம் அவருக்குச் சாக்கடைத் தண்ணீராகத் தெரிந்தது. மாம்பழம் அழுகின களிமண். மனைவியின் முகம், மகளின் முகம் எல்லாம் சாம்பல் பூசினாற்போல. கண்ணை மூடிக்கொண்டுதான் சோற்றை வாயில் வைத்தார். இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

பொன்னுத்தங்கம் முதலில் அழுதார், பிறகு பொறுத்துப் பார்த்தார், பிறகு கோபப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது தட்டு அப்படியே இருந்தது. அண்ணாச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்களே கேளுங்க. எங்க ஆலையில பாலம்மாளுக்குப் போன வருசம் வெடிச்சதுல ரெண்டு கையும் இல்லை. அவ சோறு திங்கலையா? இவுகளுக்குக் கை இருக்கு, கால் இருக்கு, பேச்சு இருக்கு. பொளைச்சு வந்ததே பெரிசுன்னு இல்லாம, கலரு கலருன்னு சாகுறாக."

"அவளுக்குப் போனது எல்லாருக்கும் தெரியுது. எனக்குப் போனது யாருக்கும் தெரியலை. அதுதான் வித்தியாசம்" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு மட்டும் எப்பத் தெரிஞ்சுது? இருபத்தாறு வருசமா கூட இருக்கேன். நீங்க சிவப்புன்னு சொல்றீக, நானும் சிவப்புன்னு சொல்றேன். உங்களுக்குத் தெரியறதும் எனக்குத் தெரியறதும் ஒண்ணுதானான்னு நான் என்னைக்காவது கேட்டனா? கேட்டாத்தான் காமிக்க முடியுமா?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பொன்னுத்தங்கமும் தான் சொன்னது பெரிய விஷயம் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் அடுத்த வாரம் முழுவதும் அண்ணாச்சி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "அவ கேட்டது நியாயம் சார். இருந்தப்பவே காமிக்க முடியாததை, இப்ப இல்லைன்னு யாருக்கு நிரூபிக்க?"

பக்கத்துத் தெருவில் பஜனைக்குப் போகிற ஒருவர் வந்து ஆறுதல் சொன்னார். பார்ப்பது கண்ணுமில்லை, மூளையுமில்லை, உள்ளே இருக்கிற ஆத்மாதான். அதற்கு ஒரு அழிவும் கிடையாது என்றார். அண்ணாச்சி அவரைப் பாதியில் நிறுத்தினார். "ஆத்மாதான் பாக்குதுன்னா, ஒரு கடுகளவு ரத்தக்கட்டி வந்து அதோட சிவப்பைப் பிடுங்கிட்டுப் போகுமாய்யா? அம்புட்டுத்தானா அதோட பெலம்?" வந்தவர் காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

யோகேஸ்வரி வேறு விதமாக முயற்சி செய்தாள். சனிக்கிழமை தோறும் வந்து, ஒளி என்றால் அலை, சிவப்பு என்றால் இத்தனை நீளமுள்ள அலை, அது விழித்திரையில் விழுந்தால் எந்தச் செல் துடிக்கும், அந்தத் துடிப்பு எந்த வழியாக எங்கே போகும் என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவர்தான், ஆனால் கைதேர்ந்த தொழிலாளி; பிடித்துக்கொண்டார். எழுநூறு, ஐந்நூற்று முப்பது, நானூற்றைம்பது என்று நானோமீட்டர் கணக்கு அவர் வாயில் ஓட ஆரம்பித்தது. வண்டி ஓட்ட வழி கேட்கிற மாதிரி, அடுத்து எங்கே, அடுத்து எங்கே என்று மகளைக் கேட்டுக்கொண்டே போனார். ஒரு நாள் வழி முடிந்துவிட்டது.

"அவ்வளவுதான்பா. அதுக்கு மேல ஒண்ணும் இல்லை."

"எல்லாம் தெரிஞ்சிருச்சு. இன்னும் சிவப்பு வரலையே தாயி."

"தெரிஞ்சுக்கிறது வேற, பாக்கிறது வேறப்பா."

"அதைத்தானே நானும் கேக்கேன்! வேறன்னா அந்த வேற எது? அதை ஏன் உன் படத்துல போடலை?"

யோகேஸ்வரிக்கும் கோபம் வந்தது. "உங்களுக்கு நிறம் எப்படிப் போச்சு? மூளையில அடிபட்டுப் போச்சு. அப்ப அது மூளையோட வேலைதானே? அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? நான் சொல்றது தப்புன்னா எங்க தப்புன்னு காமிங்க!"

அவரால் காட்ட முடியவில்லை. காட்ட முடியாததுதான் அவரை அரித்தது. மகள் சொல்வது சரி என்று அவருக்கே தெரிந்தது. சரியாக இருந்தும் அதில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு மகளைச் சாப்பிடச் சொல்லாமலே பஸ் ஏற்றிவிட்டதாக என்னிடம் வருத்தப்பட்டார்.

நான்கு மாதம் கழித்து அச்சகத்துக்குத் திரும்பி வந்தார். முதலாளி மகேஷ்குமாருக்கு முப்பத்தெட்டு வயது. அப்பாவுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர். நல்ல மனுஷர். "அண்ணே, நீங்க பழையபடி மெஷின்ல நில்லுங்க. மீட்டர் இருக்குல்ல, நம்பரைப் பாத்து ஓட்டுங்க. முனியராஜ் கூட இருக்கட்டும்" என்றார். தாளின் மேல் வைத்தால் எந்த மை எவ்வளவு கனமாக விழுந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டும் கையடக்கக் கருவி அது. முன்பெல்லாம் அண்ணாச்சி அதைத் தொடவே மாட்டார். இப்போது அதை வைத்தே வேலை பார்த்தார். வேலை சரியாக வந்தது. ஒரு தாள்கூட வீணாகவில்லை.

மாசி மாதம் அந்த மிளகாய்ப்பொடி வியாபாரி மறுபடியும் உறை அடிக்க வந்தார். அண்ணாச்சி பழைய தாளைக் கருவியில் அளந்து எண்களை எழுதிக்கொண்டார். அதே எண் வரும்வரை மையைத் திருகினார். தாள் விழுந்தது. வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டினார். "இதேதான்! அண்ணாச்சி கையே தனி."

மகேஷ்குமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீகளா அண்ணே, ஒண்ணுமே போகலை. நீங்கதான் போச்சு போச்சுன்னு மனசைக் குழப்பிக்கிறீக."

அண்ணாச்சி கையிலிருந்த தாளைக் கசக்கித் தரையில் எறிந்தார். அப்படி ஒரு காரியத்தை அவர் செய்து அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

"என்ன முதலாளி ஒண்ணுமே போகலை? அந்தத் தாள்ல நான் பாத்தது அழுக்கு. வெறும் அழுக்கு!"

"சரிண்ணே. ஆனா வேலை சரியா வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"பெறகென்ன?"

மகேஷ்குமார் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அண்ணாச்சி என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"சார், மீட்டரும் சிவப்பைக் கண்டுபிடிக்குது. இப்ப நானும் கண்டுபிடிக்கேன். ரெண்டு பேருமே பாக்கலை. முன்னாடி நான் பாத்துக் கண்டுபிடிச்சேன். வெளியில வர்ற தாள் ரெண்டுலயும் ஒண்ணு. அப்ப நான் பாத்ததுக்கு என்ன சார் மதிப்பு? இத்தனை வருசமும் நான் ஒண்ணுமே பாக்காம, மீட்டர் மாதிரியே நின்னிருந்தாலும் கம்பெனிக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்காதே."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல" என்றேன்.

"ஆமா. எனக்கு மட்டும்" என்றார் எரிச்சலாக. "அதை வச்சு என்ன செய்ய?"

அடுத்த வாரமே எந்திரத்தை விட்டுவிட்டு, தாள் வெட்டுகிற பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே அளவும் நேர்கோடும் போதும்.

பொன்னுத்தங்கத்தின் பிடுங்கல் தாங்காமல், விருதுநகரில் நடந்த மாற்றுத்திறனாளிகள் முகாம் ஒன்றுக்கும் போனார். அரைநாள் வரிசையில் நின்றார். அங்கிருந்த கண் மருத்துவர் அட்டையை வாசிக்கச் சொன்னார், வாசித்தார். பக்கவாட்டில் விரலை ஆட்டிக் கேட்டார், சரியாகச் சொன்னார். "நிறம் தெரியலைன்னா அதுக்குச் சான்றிதழ் கிடையாதுங்க. விதியில இல்லை" என்று சொல்லி, தாளில் 'பார்வை இயல்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி அதைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "நீங்க பிழை திருத்துறவுகதானே. இதுல பிழை இருக்கா பாருங்க." இரண்டு சொல். இரண்டும் சரியாக எழுதப்பட்டிருந்தன. நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன வருடம் மதுரையில் இன்னொரு சோதனைக்கு டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். யோகேஸ்வரிக்குப் பள்ளிக்கூடத்தில் தேர்வு நேரம், நான்தான் கூடப் போனேன். திரையில் ஒரு கட்டம் தெரிந்தது. எனக்கு அது ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. வெளிச்சம் இரண்டிலும் ஒரே அளவு என்றார் டாக்டரம்மா.

"எப்படித் தெரியுது?"

"எல்லாம் ஒரே சாம்பல்" என்றார் அண்ணாச்சி.

"நடுவுல எங்கயாவது கோடு தெரியுதா?"

"தெரியுது. இந்தா இங்கன."

சரியான இடத்தில் விரலை வைத்தார். கட்டம் மாறியது, கோடு சாய்ந்தது, ஓரமாகப் போனது. இருபது தடவையில் பத்தொன்பது தடவை சரியாக வைத்தார். ஒவ்வொரு தடவையும், கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே சாம்பல்தான் என்றும் சொன்னார். டாக்டரம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாருங்க பலவேசம், இங்க ரெண்டு நிறம் இருக்குன்னு உங்க மூளைக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லைன்னா கோடு எப்படித் தெரியும்? உங்க மூளை கண்டுபிடிச்சிருச்சு. உங்களுக்குத்தான் தெரியலை."

அண்ணாச்சி திரையிலிருந்து விரலை எடுத்தார்.

"என் மூளைக்குத் தெரியுது. எனக்குத் தெரியலை."

"ஆமா."

"அப்ப என் மூளை வேற, நான் வேறயா?"

டாக்டரம்மாவின் உற்சாகம் சற்றுத் தடுமாறியது. "அப்படி இல்லை. மூளையில ஒரு பகுதிக்குத் தெரியுது. அது உங்க உணர்வுக்கு வந்து சேரலை."

"என் உணர்வு எங்க இருக்கு?"

"அதுவும் மூளையிலதான்."

"எந்த இடத்துல? அந்த ஸ்கேன் படத்துல தொட்டுக் காமிங்க."

"ஒரு இடம்னு தொட்டுக் காட்ட முடியாது."

"சிவப்பு போன இடத்தை மட்டும் தொட்டுக் காமிச்சீங்களே!" என்று குரலை உயர்த்தினார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியதாயிற்று. படிக்கட்டில் இறங்கும்போது, "என் வீட்டுக்குள்ள எனக்குத் தெரியாம யாரோ குடியிருக்கிற மாதிரி இருக்கு சார்" என்றார்.

இதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. முதல் ஆறேழு மாதம், கண்ணை மூடினால் சிவப்பு எப்படி இருக்கும் என்று அவரால் நினைத்துப் பார்க்க முடிந்தது. பிறகு அதுவும் கழன்றுவிட்டது. கனவும் சாம்பலாக வந்தது. இழந்தது இன்னதென்றுகூட இப்போது அவருக்குத் தெரியாது. இழந்தோம் என்பது மட்டும் தெரியும்.

இந்த வருடம் ஆனியில் டாக்டரம்மா தானே போன் செய்தார். மருத்துவ மாணவர்களுக்கு அவருடைய நிலையை நேரில் காட்ட வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். "வாரேன். ஆனா எல்லாரும் என்னைக் கேட்ட பெறகு நானும் ஒண்ணு கேப்பேன். மறிக்கக் கூடாது" என்றார் அண்ணாச்சி. டாக்டரம்மா ஒத்துக்கொண்டார்.

அன்றைக்கும் நான் கூடப் போனேன். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் இருந்திருப்பார்கள். டாக்டரம்மா படம் போட்டு அரைமணி நேரம் விளக்கினார். மாணவர்கள் நிற அட்டைகளைக் காட்டிக் கேட்டார்கள். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் சாம்பல், வெளிறின சாம்பல், இருண்ட சாம்பல் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் டாக்டரம்மா, "கேளுங்க பலவேசம்" என்றார்.

அவர் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு வந்திருந்தார். "நான் மருந்தைப் பத்திக் கேக்கலை பிள்ளைகளா. நான் நாலு கலர் மெஷின் ஓட்டினவன். சாமி படம் ஒண்ணு அடிக்கணும்னா நாலு பிளேட்டு மாட்டணும். நாலும் அலுமினியத் தகடு. எதைக் களட்டிப் பாத்தாலும் அதுல வெறும் புள்ளிதான் இருக்கும். இது சிவப்பு, இது மஞ்சள்னு பாத்துச் சொல்ல முடியாது. ஒரு பிளேட்டு சேதமாச்சுன்னா அந்தக் கலர் தாள்ல விழாது. அதுக்காக, பிளேட்டுதான் கலர்னு யாராவது சொன்னா எங்க பிரஸ்ல சிரிப்பாக. ஏன்னா மை தனியா இருக்கு. எனக்கு மண்டையில பிளேட்டு சேதம்னு டாக்டரம்மா சொன்னாக. படத்துல காமிச்சாக. நம்புறேன். நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். மை எங்க?"

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் தயங்கிக்கொண்டே எழுந்தாள். "மைன்னு தனியா ஒண்ணு இல்லைங்க ஐயா. பல கோடி செல்கள் சேர்ந்து வேலை செய்யுது. அந்த வேலைதான் நிறமாத் தெரியுது."

"யாருக்கும்மா தெரியுது?"

"உங்களுக்குத்தான்."

"நான்னா யாரு? அந்தச் செல்லுகளா?"

"ஆமாங்க."

"அப்ப செல்லு வேலை செய்யறது, செல்லுக்கே சிவப்பாத் தெரியுதா? எங்க மெஷினும்தான் வேலை செய்யுது. அதுக்கு எதுவும் தெரியற மாதிரி இல்லையே. இதுக்கு மட்டும் ஏன் தெரியணும்?"

அந்தப் பெண் யோசித்தாள். "தெரியலை ஐயா" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "விஞ்ஞானம் இன்னும் கொஞ்ச வருஷத்துல கண்டுபிடிச்சிரும் சார்" என்றான்.

"கண்டுபிடிங்கய்யா. நல்லா இருப்பீக. நான் வேண்டாம்னா சொல்றேன்?" அண்ணாச்சி பலகைப் பக்கம் போய், தன் பெயர், தெரு, சிவகாசி, போன் நம்பர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினார். "கண்டுபிடிச்சவுக எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. நான் இல்லைன்னா என் மகளுக்குப் போடுங்க."

வாசலில் டாக்டரம்மா வழியனுப்ப வந்தார். "நீங்க கேட்டதுக்கு எனக்கும் பதில் தெரியாது பலவேசம். உலகத்துல யாருக்கும் இதுவரை சரியாத் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டாக்டரம்மா!" என்றார். "ரெண்டு வருசமா எனக்குத்தான் புத்தி எட்டலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்."



பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர் விருதுநகர் தாண்டியும் கோபம் தணியாமல்தான் இருந்தார். எனக்கு அந்தக் கோபம் யார் மேல் என்று புரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. வீட்டு வாசலில் பொன்னுத்தங்கம் கேட்டார்.

"டாக்டரு என்ன சொன்னாக?"

"தெரியலையாம்."

"இதைக் கேக்கவா ஒரு நாள் கூலியை விட்டுட்டு மதுரைக்குப் போனீக?"

அவர் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டார். மறுநாள் காலை ஷிப்டுக்கு நேரத்துக்கு வந்து, வெட்டுகிற எந்திரத்தின் முன்னால் நின்றார்.

இரண்டு மாதம் கழித்து மதுரையிலிருந்து ஒரு தபால் வந்தது. அச்சகத்துக்கே எடுத்து வந்து, என்னிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். அவருடைய ஸ்கேன் படத்தை ஒரு மருத்துவ இதழில் வெளியிடப் போகிறார்கள். அதற்குச் சம்மதம் கேட்டு ஒரு படிவம் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"மையைப் பத்தி ஒண்ணும் எழுதலையா? பின்பக்கம் பாருங்க."

பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.